இரண்டு கணினிகளும் ஒரே கம்பியும்

கேபிள் இருபுறமும் கச்சிதமாகப் பொருந்தியிருந்தது. இருந்தும் செய்தியாளர் ஆர்விட் கோஸ்கெலாவின் பழைய கையடக்கக் கணினியிலிருந்து பத்திரிகை ஆசிரியர் லொரெய்னின் புதுக் கணினிக்கு ஓர் எழுத்துகூடப் போகவில்லை.

மணி இரண்டு. நான்கு மணிக்கு வாரப் பத்திரிகையின் பக்கங்கள் டுலூத் நகர அச்சகத்துக்குப் போயாக வேண்டும். மீன்படகுத் துறையை மூடலாமா என்று நாளை மாலை நகர மன்றம் வாக்களிக்கிறது. அந்தத் துறையை நம்பியிருக்கும் பதினோரு மீனவர்கள் இன்று காலை ஏரியில் சொன்னதெல்லாம் அந்தப் பழைய கணினிக்குள் இருந்தது. படகிலிருந்து இறங்கும்போது அது கைநழுவி விழுந்ததில் திரையின் வலப்பாதி செத்துவிட்டது. பார்த்து எழுதிக்கொள்ளவும் வழியில்லை.

“எப்பவும் வீட்டுலேர்ந்து ஃபோன் வழியா அனுப்புவேன். இங்க ஆபீஸுல ஃபோன் லைன்ல மாட்டியிருந்த மோடத்தை யாரு உன்னைத் தூக்கிப் போடச் சொன்னது?” என்றார் ஆர்விட்.

“உன் ஒருத்தனுக்காக நான் ஒரு ஃபோன் லைனைக் கட்டி அழணுமாக்கும்?” என்றார் லொரெய்ன். “பொட்டி செத்துப்போச்சுன்னு ஒத்துக்கோயேன்யா.”

“செத்துச்சா இல்லையான்னு கேட்டுப் பாத்துடுவோம். ஒரு பேப்பர் கிளிப் குடு.”

கேபிளைக் கழற்றினார். இந்த இணைப்பில் இரண்டாவது, மூன்றாவது ஊசிகள்தான் முக்கியம். ஒன்று பேசும், மற்றது கேட்கும். கிளிப்பை நிமிர்த்தி இரண்டையும் சேர்த்துத் தொட்டால், கணினி பேசுவது அதன் காதுக்கே திரும்பி வரும். பழைய பெட்டியில் அப்படி வைத்து ஒரு விசையைத் தட்டினார். திரையின் உயிருள்ள இடப்பாதியில் எழுத்து தோன்றியது. புதுக் கணினியிலும் அதையே செய்தார். அங்கேயும் தோன்றியது.

லொரெய்ன் நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார். “ரெண்டும் பேசுது, ரெண்டும் கேக்குது. சேத்து வச்சா மட்டும் ஏன் மூச்சு விட மாட்டேங்குது?”

ஆர்விட் கேபிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வீட்டில் மோடத்தோடு மாட்டும் அதே கேபிள்தான். மோடத்தோடு பேசியதே!

“அட, மடையா!” என்று தன் நெற்றியில் அடித்துக்கொண்டார். “மோடத்தை அதுக்குன்னே மாத்திப் பண்ணியிருப்பாங்க, லொரெய்ன். கணினி பேசற கம்பியில அது கேக்கும். அதனால கேபிள் நேரா இருந்தாப் போதும். ஆனா இங்க ரெண்டு பக்கமும் கணினி. ரெண்டும் ஒரே கம்பியில பேசுது. இன்னொரு கம்பியில ரெண்டும் காதை வச்சுக்கிட்டுச் சும்மா காத்துக்கிட்டிருக்கு.”

“நம்ம நகர மன்றம் மாதிரின்னு சொல்லு.”

“அவங்க காதை எங்கடி வச்சாங்க? கத்தரியை எடு.”

கேபிளின் ஒரு முனையில் மூடியைத் திருகிக் கழற்றினார். இரண்டாம் ஊசிக்கும் மூன்றாம் ஊசிக்கும் போகும் கம்பிகளை வெட்டி, நுனிகளைச் சுரண்டி, ஒன்றின் இடத்தில் மற்றதை முறுக்கி ஒட்டுநாடா சுற்றினார். இரு கணினிகளுக்கும் பொதுவான தரைக்கம்பியைத் தொடவில்லை. கேபிளை மாட்டி, அனுப்பும் விசையை அழுத்தினார்.

முதல் மீனவரின் பேச்சு லொரெய்னின் திரையில் வரிவரியாக இறங்கத் தொடங்கியது. கணினியோடு கணினியைச் சேர்க்க, பேசும் கம்பியையும் கேட்கும் கம்பியையும் ஒரு முனையில் இடம் மாற்றினால் போதும்.