சனிக்கிழமை மேசையின் வில்லைகள்

1.

இந்தக் கதை வயிற்றெரிச்சலில் பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இணைய ஏலத்தில் ஒரு மரப்பெட்டி நிறைய போக்கர் வில்லைகள் வந்திருந்தன. சீட்டாடும்போது பணத்துக்குப் பதிலாக மேசையில் வைப்பார்களே, அந்தக் களிமண் வில்லைகள். 'ஏக்ரன், ஒஹையோ. பழையவை. எஸ்.எஸ்.சி. என்று பொன்னெழுத்து. ஓரங்கள் மழுங்கியவை' என்று குறிப்பு. இருபத்தாறு வருடமாக நான் குப்பை கொட்டும் ஊர். வாங்கியே தீருவது என்று உட்கார்ந்திருந்தேன். கடைசி நான்கு நொடியில் யாரோ ஒன்றரை டாலர் கூடக் கேட்டுத் தட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

அந்த யாரோ யாரென்று தளம் சொல்லாது. மனசு ஆறவில்லை. நானே ஒரு ஆளை உண்டாக்கிக்கொண்டேன்.

2.

முதல் தொடக்கம்: 'கள்ளச்சாராய மன்னனின் பேத்தி பெட்டியைத் திறந்தபோது துப்பாக்கி மருந்தின் வாசனை' — போதும். எழுபது வருடத்துக்கு எந்த வாசனையும் நிற்காது.

இரண்டாவது: 'வரலாற்றுப் பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்தபடி' — இவர் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். அனுப்பிவிட்டேன்.

மூன்றாவதாக வந்தவள் ரொவீனா ஹோஸ்டெட்லர். வயது அறுபத்தெட்டு. முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். அப்பா டெல்பர்ட்டுக்கும் அம்மா இர்மாவுக்கும் பிறவியிலேயே காது கேட்காது. அப்பாவுக்கு டயர் ஆலையில் வேலை. வீட்டில் காது கேட்பவள் இவள் ஒருத்திதான். வங்கியா, வீட்டுக்காரரா, டாக்டரா, அவர்கள் வாயால் சொல்வதை அப்பாவுக்குக் கையால் சொல்வது சின்ன வயதிலிருந்தே இவள் வேலை. சனிக்கிழமைகளில் மட்டும் அப்பா ஒரு கடையின் மாடிக்குச் சீட்டாடப் போவார். அங்கே குழந்தைகளை விடமாட்டார்கள். அதனால்தான் ஏலத்தில் ஏக்ரன் என்று எந்த வில்லை வந்தாலும் ரொவீனா விடுவதில்லை. (என்னையும் விடவில்லை.)

3.

வில்லை சேகரிப்பவர்களின் இணையக் குழுவில் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள்: எஸ்.எஸ்.சி. என்றால் 'சவுத் சைடு கிளப்', ரவுடிகளின் சூதாட்ட விடுதி. ரொவீனா நம்பவில்லை. வில்லைகளைச் செய்த பழைய சிகாகோ கடையின் ஆர்டர் அட்டைகள் இந்தியானாவில் லைல் பாஸ்கம் என்பவரிடம் இருந்தன. அவரிடம் கேட்டாள். ஒன்பது நாள் கழித்து அவரே போன் செய்தார்.

"மேடம், அட்டை கெடைச்சிருச்சு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தி நாலு, அறுநூறு வில்லை. சம்மிட் சைலன்ட் கிளப். வாங்கினவர் வால்ட்டர் ப்ரூயிட், ஷூ ரிப்பேர் கடை."

"அது காது கேக்காதவங்க கிளப்புங்க."

"அப்ப நான் சொல்றதைக் கேளுங்க. வெளிய சொல்லாதீங்க. ரவுடிங்க வில்லைன்னா மூணு மடங்கு போகும். செவிட்டு கிளப்புன்னா ஒருத்தனும் சீண்டமாட்டான்."

"எங்கப்பா அந்த கிளப்புதான் சார்."



4.

[இந்தப் பகுதியைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். சொல்லாமல் மேலே போக முடியாது.]

ரொவீனாவுக்குப் பன்னிரண்டு வயது. மார்ச் மாதம். ஆஸ்பத்திரி நடையில் டாக்டர் அவளைப் பார்க்காமல், அவள் தலைக்கு மேலாக அப்பாவைப் பார்த்துப் பேசினார். அம்மாவுக்கு இனி வைத்தியம் இல்லை, ஒரு வாரமோ பத்து நாளோ என்றார். அப்பா மகளின் கைகளைப் பார்த்தபடி நின்றார்.

அவள் கை சொன்னது: "ஈஸ்டருக்கு வீட்டுக்கு வந்துடுவாங்களாம்."

அந்தச் சனிக்கிழமை அப்பா கிளப்புக்குப் போனார். அம்மா தனியாக இறந்துபோனாள். ஐம்பத்தாறு வருடமாக ரொவீனா கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: உண்மையைச் சொல்லியிருந்தால் அப்பா அம்மா பக்கத்தில் இருந்திருப்பாரே? பதினேழு வயதில் வீட்டைவிட்டுப் போனவள், கையால் பேசுவதையே விட்டுவிட்டாள்.

5.

வால்ட்டரின் மனைவி ஓபல் ப்ரூயிட் இன்னும் இருந்தாள், முதியோர் இல்லத்தில். ரொவீனா பெட்டியோடு போய், தான் டெல்பர்ட்டின் மகள், பஸ் ஓட்டியவள் என்று கையால் சொன்னாள். ஓபல் அந்தக் கையையே பார்த்தாள்.

(இனி வரும் பேச்சு முழுக்கக் கைப்பேச்சு. வாயால் பேசுவதுபோல் எழுதுகிறேன். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.)

"பஸ் ஓட்டின கையா இது? இப்படித் துருப்பிடிச்சுக் கெடக்கு!"

"பேசி ரொம்ப வருஷமாச்சு ஓபல். கொஞ்சம் மெதுவாப் பேசுங்க."

"மெதுவாவா? எனக்குத் தொண்ணூத்தி மூணு. மெதுவாப் பேசினா முடிக்கமாட்டேன்."

ஓபல் ஒரு வில்லையை எடுத்து மேசையில் ஓங்கித் தட்டினாள். பக்கத்து அறைப் பெண் திடுக்கிட்டு எட்டிப்பார்த்தாள். "இப்படித்தான் கூப்பிடுவானுங்க. அதிர்வு கைக்கு வரும்ல. அதான் ஓரமெல்லாம் மழுங்கிப்போச்சு. கீழ் கடைக்காரன் கூரை உதிருதுன்னு சண்டைக்கே வருவான்." சிரித்தாள்.

ரொவீனா சிரிக்கவில்லை. "எங்கம்மா இறந்துபோன அந்தச் சனிக்கிழமை அப்பா உங்க மேசையிலதானே இருந்தாரு?"

"இருந்தான்."

"நான் அவர்கிட்ட பொய் சொல்லியிருந்தேன். அது அவருக்குத் தெரியுமா?"

6.

முதல் முடிவு: ஓபல் சொல்கிறாள், "தெரியாது. அதுக்கப்புறம் அவன் சீட்டையே தொடலை."

இரண்டாம் முடிவு: ஓபலுக்கு ஞாபகமில்லை. சாப்பாட்டு நேரமாயிற்றா என்று கேட்கிறாள். (இது கோழை எழுதும் முடிவு. எழுதிப் பார்த்தேன்.)

மூன்றாவது. ஓபல் ரொவீனாவின் இரண்டு மணிக்கட்டையும் பிடித்து இறக்கிவிட்டுச் சொல்கிறாள்:

"அசடு. டாக்டர் வாய் எவ்வளவு நேரம் அசைஞ்சுது, நீ எவ்வளவு சின்னதாச் சொன்னே, பார்க்கத் தெரியாதா அவனுக்கு? அன்னிக்கு அவன் சீட்டாட வரலைடி, அழ வந்தான். கையால பேசறவன் கதவுக்குப் பின்னாடி நின்னு கிசுகிசுக்க முடியுமா? வீட்டுல வெச்சுச் சொன்னா உன் கண்ணுல பட்டுடுமே. 'பாப்பா என்னைக் காப்பாத்தறதா நெனைச்சுக்கிட்டிருக்கு, யாரும் கெடுத்துடாதீங்க'ன்னான். அரைமணி நேரத்துல திரும்பிடலாம்னுதான் வந்தான்."

7.

இப்போது என் நிலைமையைப் பாருங்கள். ஓபலின் கைகளை ரொவீனா நேராகப் பார்த்துவிட்டாள். உங்களுக்குச் சொல்லத்தான் நடுவில் நான் நிற்கிறேன். மூன்றில் ஓபல் சொன்னது எது என்று எனக்குத் தெரியும். ரொவீனா அழுதாள் என்பது மட்டும் சத்தியம். மூன்றில் எதைக் கேட்டிருந்தாலும் அவள் அழுதிருப்பாள்.

ஏலத்தில் என்னைத் தோற்கடித்தவள் மேல் கோபமாகத்தான் ஆரம்பித்தேன். இப்போது அவள் ஒரு ராத்திரியாவது நிம்மதியாகத் தூங்கவேண்டும் என்று இருக்கிறது. அதனால்தான் மூன்றாவதை இவ்வளவு விரிவாகச் சொன்னேன்.

படித்தவர்களுக்குச் சந்தேகம் வரும். வந்தால், தயவுசெய்து அந்த அப்பா டெல்பர்ட் மாதிரி இருந்துவிடுங்கள். என்னிடம் காட்டிக்கொள்ளாதீர்கள்.