பார்க்காமல் எழுதிய பிரஷர்

அடி அண்ணாமலையில் சாமந்தி பயிரிடும் முருகையனுக்கு 1999 ஆவணியில் ஒரு நாள், பூப்பறித்துக்கொண்டிருந்தபோதே நெஞ்சு வலி வந்தது. அவர் மனைவி ராஜம்மாள் ஆட்டோ பிடித்து, திருவண்ணாமலை டவுனில் டாக்டர் ராமகிருஷ்ணன் நடத்திய நர்சிங் ஹோமுக்குக் கொண்டுவந்து சேர்த்தாள். மாரடைப்புதான். ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை டிரிப்பில் ஏற்றச் சொன்ன டாக்டர், ஐசியூ நர்ஸ் தேவிப்ரியாவிடம் இரண்டு முறை சொன்னார்.

“இது முடியற வரைக்கும் பத்து நிமிஷத்துக்கு ஒரு வாட்டி பிரஷர் பாரும்மா. நூத்துக்குக் கீழ எறங்குனா மருந்த நிறுத்திட்டு உடனே கூப்பிடு.”

“சரிங்க சார்.”

முதல் இரண்டு முறை ஒழுங்காகத்தான் பார்த்தாள். அப்புறம் சீனியர் நர்ஸ் தனம் உள்ளே வந்தாள். முந்தைய ஞாயிறு நடந்த தேவிப்ரியாவின் நிச்சயதார்த்தப் போட்டோக்கள் ஸ்டூடியோவிலிருந்து அப்போதுதான் வந்திருந்தன. இருவரும் பக்கத்து அறையில் டீயோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். மாப்பிள்ளை பிரசாத் கேமராவைப் பார்க்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்த படம் ஒன்று இருந்தது. அதை வைத்துத் தனம் கேலி செய்ததும் தேவிப்ரியாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

ராஜம்மாள் கதவோரம் வந்து நின்றாள். “சிஸ்டர், அவருக்கு ஒரே வேர்வையா இருக்குதுங்க.”

“மருந்து ஏறும்போது அப்படித்தாம்மா இருக்கும். பயப்படாதீங்க.”

கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்தாள். “கூப்பிட்டா சரியா பதில் சொல்ல மாட்றாரும்மா.”

“அசதியா இருக்கும்மா. தூங்கட்டும். இப்பதான் பாத்துட்டு வந்தேன்.”

பார்க்கவில்லை. ராஜம்மாள் திரும்பிப் போனதும் தேவிப்ரியாவுக்கு மணி உறைத்தது. அரைமணி நேரம் ஓடிப்போயிருந்தது. சார்ட்டை எடுத்து, உட்கார்ந்த இடத்திலேயே மூன்று கட்டங்களையும் நிரப்பினாள்: 120/80, 118/80, 120/78. எண்கள் ஒரே மாதிரி இருந்தால் சந்தேகம் வரும் என்று நடுவில் ஒன்றை மாற்றிப் போடக்கூடத் தோன்றியது அவளுக்கு. பிறகுதான் கட்டிலுக்குப் போனாள். முருகையனின் கை ஐஸாகச் சில்லிட்டிருந்தது. பிரஷர் அறுபது. மருந்தை நிறுத்தி, காலைத் தூக்கி வைத்து, டாக்டரைக் கூவி அழைத்தாள்.

உயிர் பிழைத்தது. ஆனால் மூளைக்கு ரத்தம் போதாமல் போனதில் அவருக்குப் பேச்சு வரவில்லை. வலது கை விழுந்துவிட்டது.

இதற்குப் பிறகு நடந்ததைத்தான் தேவிப்ரியாவால் தாங்க முடியவில்லை. ராஜம்மாள் வார்டில் எல்லோரிடமும், “இந்தப் பொண்ணுதாங்க ஓடியாந்து காப்பாத்துச்சு” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் ஒரு பை நிறையச் சாமந்திப் பூவைக் கொண்டுவந்து கொடுத்தாள். தேவிப்ரியா அதை வாங்கிக்கொண்டாள்.

நாலு மாதம் கழித்து முருகையனின் தம்பி மாறன் கன்ஸ்யூமர் கோர்ட்டில் வழக்குப் போட்டான். ஆஸ்பத்திரி வக்கீல் டாக்டரின் அறையில் உட்கார்ந்து சார்ட்டைத் தட்டிக் காட்டினார்.

“இதாங்க நம்ம பலம். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ பாத்திருக்காங்க. நார்மலா இருந்து திடீர்னு எறங்கியிருக்கு. யார் மேலயும் தப்பு இல்ல. சிஸ்டர் ஒரு அபிடவிட்ல கையெழுத்துப் போட்டாப் போதும்.”

பேனாவை நீட்டினார். தேவிப்ரியா வாங்கவில்லை.

“இதுல முதல் ரெண்டுக்கு அப்புறம் இருக்கற மூணும் நான் பாக்காம எழுதினது சார்.”

வக்கீல் முதலில் வாசல் கதவைச் சாத்தினார். “யாரும் கேக்காதத நீயா ஏம்மா சொல்ற? கோர்ட்டுக்குப் போற பேப்பர் இது. இத நீ சொன்னா வேலையும் போகும், லைசென்ஸும் போகும்.”

டாக்டர் கத்துவார் என்று எதிர்பார்த்தாள். அவர் சார்ட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “நீ எழுதுறத நம்பித்தாம்மா நான் மருந்து போடறேன்” என்றார். “நான் வெளியில நோயாளி பாத்துக்கினு இருந்தேன். எனக்கு உன்ன விட்டா கண்ணு ஏது?” அதற்குப் பதில் அவர் திட்டியிருக்கலாம். அவளுக்கு அங்கேயே தரையில் புதைந்துபோகலாம் போலிருந்தது.

கோர்ட்டில் சொல்வதற்கு முன்னால் ராஜம்மாளிடம் தானே சொல்லிவிட வேண்டும் என்று அடி அண்ணாமலைக்கு பஸ் ஏறினாள். ராஜம்மாள் கணவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். “வாம்மா சிஸ்டர்” என்று முகம் மலர்ந்தாள். தேவிப்ரியா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். போட்டோ பார்த்ததையும் விடவில்லை.

ராஜம்மாள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

“ரெண்டு வாட்டி வந்து சொன்னேனே. நாந்தான் விவரமா சொல்லத் தெரியாம சொல்லிட்டேனோன்னு இத்தன மாசமா தலையில அடிச்சிக்கினு கெடந்தேன். படிக்காதவ, எனக்குச் சொல்லத் தெரியலன்னு…”

“உங்க மேல ஒண்ணும் இல்லம்மா. நீங்க சரியாத்தான் சொன்னீங்க.”

“போயிடும்மா” என்றாள் ராஜம்மாள். குரல் உயரவில்லை. “எதாச்சும் வாயில வந்துடப் போவுது. போயிடு.”

முருகையன் கட்டிலிலிருந்து தேவிப்ரியாவைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்குப் புரிந்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை.

கோர்ட்டில் உள்ளதை உள்ளபடி சொன்னாள். டாக்டர் வழக்கை நடத்தாமல் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். தேவிப்ரியாவின் வேலை போனது. நர்சிங் பதிவை ஆறு மாதம் நிறுத்தி வைத்தார்கள். தனம் அவளோடு பேசுவதை விட்டாள். பிரசாத் மட்டும் ஒன்றும் கேட்காமல் குறித்த நாளில் தாலி கட்டினான். கல்யாணப் போட்டோ வேண்டாம் என்று அவள் சொன்னபோது ஏன் என்றும் கேட்கவில்லை.

பிறகு வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. நல்ல நர்ஸ் என்றுதான் அங்கே பெயர். யாராவது அப்படிச் சொல்லும்போது பேச்சை மாற்றிவிடுவாள்.

2003-ல் முருகையன் இறந்துபோன செய்தி ஒரு வாரம் கழித்துக் காதுக்கு வந்தது. துக்கம் விசாரிக்கப் போக வேண்டும் என்று பிரசாத்தே சொன்னான். புடவை கட்டி, பஸ் ஸ்டாண்டு வரை வந்தாள். திருவண்ணாமலை பஸ் வந்து நின்று, ஆள் ஏற்றி, கிளம்பிப் போனது. அடுத்ததும் போனது. “எந்த மூஞ்சிய வச்சிக்கினு போவேன்?” என்றாள். பிரசாத் அவள் பக்கத்திலேயே நின்றிருந்தான்.