ரொக்கமில்லாச் சந்தையில் ஒரு போணி

முத்துக்குமார் எங்கள் மேஜையிலிருந்த க்யூஆர் அட்டையைக் கையால் மூடியபோது, எதிரே போனை நீட்டிக்கொண்டு நின்றவர் சாதாரண வாடிக்கையாளர் இல்லை. எங்களுக்கு மதிப்பெண் போடுவதற்காக வேலூரிலிருந்து வந்திருந்த வெளித்தேர்வாளர்.

வரிசையாகச் சொன்னால்தான் என் எரிச்சல் புரியும்.

எங்கள் சமுதாயக் கல்லூரியில் வணிக நிர்வாகப் பட்டயத்துக்கு எழுத்துத் தேர்வு மட்டும் போதாது. வருடக் கடைசியில் மைதானத்தில் பந்தல் போட்டுச் சந்தை நடத்துவார்கள். மூன்று பேர் சேர்ந்து ஏதாவது ஒரு பொருளைச் செய்து விற்க வேண்டும். அதுதான் செய்முறைத் தேர்வு. இந்த வருடம் அதற்கு ரொக்கமில்லாச் சந்தை என்று பெயர் வைத்து, வாசலில் பெரிய பேனரும் கட்டியிருந்தார்கள். பணம் முழுவதும் போன் வழியாகத்தான் வர வேண்டும். ஒரே ஒரு ரூபாயைக் கையில் வாங்கினாலும் பணப் பரிமாற்றத்துக்கான மதிப்பெண் மொத்தமும் போய்விடும்.

இதில் தேறினால் எனக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் ஒரு கம்பெனியில் பயிற்சி வேலை. ஹாஸ்டலும் உண்டு. அந்த ஹாஸ்டலின் படத்தைப் போனில் அடிக்கடி எடுத்துப் பார்ப்பேன். கட்டிலுக்குப் பக்கத்திலேயே ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது என்று படத்தில் தெரியாது. அதனால் சில நாள் அங்கே மழை பெய்யும், சில நாள் ஒரு ரயில் போகும். தேறாவிட்டால் எங்கள் ஊர் கூரத்தில் அப்பாவின் உரக்கடை. அப்பா வெங்கடேசன் பாதி நாள் கட்சிக் கூட்டத்தில் இருப்பார், கல்லாவில் உட்கார ஆள் இல்லை. நிர்வாகம் படிக்கிறவள்தானே, வந்து கடையை நிர்வாகம் பண்ணு என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். நானும் இரண்டு வருடமாகப் பூச்சிமருந்து வாடையை நினைத்துக்கொண்டே படித்தேன்.

எங்கள் குழுவில் நான் மேலாளர். செவிலிமேட்டிலிருந்து வரும் நதியா கணக்கு. பிள்ளையார்பாளையத்து நெசவுக் குடும்பத்துப் பையனான முத்துக்குமார் விற்பனை. அவனைச் சேர்த்தது நான்தான். டவுன் பஸ் கண்டக்டரையே பேசி மடக்குகிறவன் எதையும் விற்பான் என்று நினைத்தேன். பட்டு ஜாக்கெட் தைத்து மீந்த துண்டுகளை அவன் மாமாவின் கடையிலிருந்து கொண்டுவந்தான். நதியாவின் அம்மா அவற்றை மடித்து, உள்ளே எலாஸ்டிக் கொடுத்து, தலைமுடிக்குப் போடும் ஸ்கிரஞ்சிகளாகத் தைத்துக் கொடுத்தார். மேஜையில் பரப்பியபோது நிஜமாகவே அழகாக இருந்தன.

காலையில் முத்துக்குமார் மேஜைக்குக் கற்பூரம் காட்டினான். பொறுத்துக்கொண்டேன். பிறகு போணி யார் செய்யப்போவது என்று கேட்டான். முதலில் யார் ஸ்கேன் செய்கிறார்களோ அவர்கள்தான் என்றேன். காது கூசும் கெட்ட வார்த்தையைச் சொல்லிவிட்டவளைப் போல் என்னைப் பார்த்தான்.

"போன்ல வர்றது போணியா? அது மெசேஜ்பா."

முதல் காசு கையில் விழ வேண்டுமாம். அதைக் கண்ணில் ஒற்றி, சரக்கின் மேல் ஒருமுறை சுற்றிவிட்டுத்தான் பையில் போட வேண்டுமாம். இத்தனைக்கும் அவன் பழைய பஞ்சாங்கம் இல்லை. எங்கள் ஸ்கிரஞ்சிக்கு இன்ஸ்டாகிராம் பக்கம் தொடங்கியவனே அவன்தான். உன் மாமா கடையில் ஜிபே வாங்குவதில்லையா என்று கேட்டேன். நாள் முழுக்க வாங்குவார், போணிக்கு மட்டும் வாங்க மாட்டார் என்றான். விதியைப் படித்துக் காட்டினேன். மதிப்பெண் பட்டியலைக் காட்டினேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, வந்த முதல் இரண்டு பெண்களையும் அப்புறம் வரச்சொல்லி அனுப்பினான். பக்கத்து மேஜையில் கம்பு லட்டு விற்றவர்களின் போன் நொடிக்கொருதரம் மணியடித்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் தேர்வாளர் வந்தார். மயில்கழுத்து நிறத்தில் ஒன்றை எடுத்து, நன்றாக இருக்கிறது என்று சொல்லி, போனை நீட்டினார். முத்துக்குமாரின் கை அட்டையை மூடியது.

"மேடம், சில்லறையா கையில ஏதாவது இருக்குதா?"

தேர்வாளர் அவனைப் பார்த்தார். தலையைத் திருப்பி வாசல் பேனரைப் பார்த்தார். பிறகு, கையில் பணம் வைத்துக்கொள்ளும் பழக்கம் தனக்கு இல்லை என்றார். அப்படியானால் கொஞ்ச நேரம் கழித்து வாருங்கள் என்று அவன் மிகுந்த மரியாதையோடு கேட்டுக்கொண்டான். இங்கே யார் மேலாளர் என்று அவர் கேட்டார். நான் கையைத் தூக்கினேன். தாளில் ஏதோ எழுதிக்கொண்டு லட்டுப் பக்கம் போய்விட்டார்.

என் பர்ஸிலிருந்து பத்து ரூபாயை எடுத்து அவன் முன்னால் போட்டேன். நம் காசே நமக்குப் போணி ஆகாது என்றான். நதியாவும் பர்ஸைத் திறந்தாள், அதுவும் ஆகாது. அவன் பார்க்காத நேரத்தில் அட்டையைத் திறந்து வைத்து நீயாவது விற்றுவிடு என்று நதியாவின் காதில் சொன்னேன். அவள் தயங்கினாள்.

"எனக்கும் ஒரு மாதிரி இருக்குது பொன்னி. போணி ஆயிடட்டுமே."

ஆக, மேலாளர் ரொக்கமில்லாச் சந்தையில் ரொக்கம் தேடிக் கிளம்பினாள். நண்பர்கள் பாக்கெட்டைக் கவிழ்த்துக் காட்டினார்கள். இயர்போன் இருந்தது, பஸ் பாஸ் இருந்தது. பேராசிரியர்களின் பர்ஸில் அட்டைகள் இருந்தன. கடைசியில், பந்தலுக்குப் பின்னால் தரையைக் கூட்டிக்கொண்டிருந்த எல்லம்மாளக்கா இடுப்பிலிருந்த சுருக்குப் பையைத் தடவி, இருக்குது என்றார். அழைத்துக்கொண்டு ஓடிவந்தேன். ஆனால் அக்கா காசைக் கொடுத்துவிட்டுப் போகிற ஆள் இல்லை. ஒவ்வொன்றையும் எடுத்து இழுத்துப் பார்த்தார். இது சாயம் போகுமா, அது முடியைப் பிடிக்குமா என்று விசாரித்தார். ஒன்று முப்பது ரூபாய் என்று நான் சொன்னதற்குச் சிரித்தார். இரண்டை எடுத்துக்கொண்டு பத்து ரூபாய் நோட்டை நீட்டினார்.

கையில் காசோடு போணிக்கு வந்தவரைத் திருப்பி அனுப்பக் கூடாதாம். முத்துக்குமார் பல்லெல்லாம் தெரியச் சிரித்து நோட்டை வாங்கி, கண்ணில் ஒற்றி, சரக்கின் மேல் சுற்றி, சட்டைப் பையில் வைத்தான்.

அதன் பிறகு அவன் விற்றான். அதையும் சொல்லத்தான் வேண்டும். அப்புறம் வரச்சொன்ன பெண்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டான். அரக்கு நிறத்தைக் கையில் வைத்திருந்த ஒரு அம்மாவிடம், உங்கள் பெண்ணின் கல்யாணச் சேலைக்கு இது அப்படியே பொருந்தும் என்றான். அந்த அம்மாவுக்குப் பெண்ணே இல்லை. இருந்தும் வாங்கிக்கொண்டு போனார். சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் மேஜை காலி. லட்டுக்காரர்கள் மீந்த லட்டை அவர்களே தின்றுகொண்டிருந்தார்கள்.

தேர்வாளர் திரும்பி வந்து போனில் வந்த பணத்தையும் சரக்கையும் ஒப்பிட்டார். இரண்டு ஸ்கிரஞ்சிகளுக்குக் கணக்கு இல்லை. நதியா மேஜைத் துணியின் பூக்களைப் பார்க்க ஆரம்பித்தாள். அந்தக் கணத்துக்காகவே இரண்டு வருடம் படித்தேனோ என்று தோன்றும்படி எனக்குப் பதில் வந்தது. அவை இலவச மாதிரிகள், விளம்பரச் செலவு, சந்தைப்படுத்தல் பாடத்தில் இருக்கிறது என்றேன். தேர்வாளர் தலையசைத்துக்கொண்டே எழுதினார். என் ஹாஸ்டல் ஜன்னலுக்கு வெளியே ரயில் போயிற்று.

"இல்ல மேடம்," என்றான் முத்துக்குமார். "அது போணி."

சட்டைப் பையிலிருந்து அந்த நோட்டை எடுத்து மேஜையில் வைத்தான். மேஜைக்கு அடியில் அவன் காலை மிதித்தேன். அவன் காலை நகர்த்தவில்லை, குரலைத்தான் தாழ்த்தினான்.

"போணிய இல்லன்னு சொல்லக் கூடாதுபா. வித்த சரக்குக்கே ஆவாது."

தேர்வாளர் பேனாவை மூடினார். பணப் பரிமாற்றத்துக்குப் பூஜ்யம் என்றார். பொய்க் கணக்குச் சொன்னதற்கு மேலாளரின் மதிப்பெண்ணிலும் குறைத்திருப்பதாகச் சொன்னார். போகும்போது திரும்பி, இப்படிப்பட்ட ஒருவரை உன் நிறுவனத்தில் வேலைக்கு வைத்துக்கொள்வாயா என்று என்னைக் கேட்டார். இனி இழப்பதற்கு எதுவும் இல்லை.

"விக்க வெச்சிக்குவேன் மேடம். பேச விடமாட்டேன்."

பேசாமல் எப்படி விற்பான் என்று அவர் திருப்பிக் கேட்கவில்லை. அதை முத்துக்குமார்தான் கேட்டான்.

சாயங்காலம் பட்டியல் ஒட்டினார்கள். விற்பனைக்கு எங்களுக்கு முழு மதிப்பெண். அது ஒன்றுதான் எங்களை இழுத்துக் கரையில் போட்டிருந்தது. என் பெயருக்கு நேரே இருந்தது தேர்ச்சிக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான், கூட ஒன்றுகூட இல்லை. நதியா என்னைக் கட்டிக்கொண்டாள். பார்த்தாயா, போணி சரியாக விழுந்தது என்றான் முத்துக்குமார். போணியால்தான் மதிப்பெண் போனது என்றேன். போணி ஆகாவிட்டால் எதை விற்று மதிப்பெண் வாங்கியிருப்பாய் என்றான். நீதானே விற்க விடவில்லை என்றேன். ஆமாம், போணி ஆகவில்லையே என்றான். அவனை எந்தப் பக்கத்திலிருந்து பிடிப்பது என்று என் பாடப் புத்தகம் எதிலும் இல்லை.

அப்பாவுக்குப் போன் செய்தேன். தேறிவிட்டேன், திங்கட்கிழமை ஹாஸ்டலுக்குப் போகிறேன், கடைக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரே மூச்சில் சொன்னேன். நடந்ததையும் சொன்னேன். என் பக்கம் நின்று யாராவது ஒருவர் கோபப்பட வேண்டும் என்று இருந்தது. அப்பா குறுக்கே பேசாமல் கேட்டார். அவர் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

"எல்லாத்தையும் வித்துட்டானா?" என்றார்.

ஆமாம் என்றேன்.

"அந்தம்மா கேட்டும் போணிய விட்டுக் குடுக்கல?"

விட்டுக்கொடுக்கவில்லை, அதைத்தானே இவ்வளவு நேரம் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்றேன்.

"நீ நல்லபடியா போய்ட்டு வாம்மா," என்றார் அப்பா. "போனை அவன்கிட்ட குடு."

கொடுத்தேன். முத்துக்குமார் எழுந்து நின்று, சட்டையின் மேல் பட்டனைப் போட்டுக்கொண்டு, வணக்கங்கய்யா என்றான். கொஞ்ச நேரம் ம், ம் என்று கேட்டான். பிறகு, கடை வாசல் எந்தத் திசையைப் பார்த்து இருக்கிறது என்று விசாரிக்க ஆரம்பித்தான்.