கரைய வேண்டிய தோல்

1

இடுப்பு விட்டுப்போகிறது. உட்கார்ந்து எழுதினாலும் வலி, நின்றாலும் வலி. இந்தக் கதை கிடைத்ததே அந்த வலியால்தான். 2003 மழைக்காலத்தில் வேலூரில் ஓர் ஆஸ்பத்திரி பெஞ்சில் என் முறைக்காகக் காத்திருந்தேன். பக்கத்தில் இருந்த ஆம்பூர்க்காரர் ஒருவர் நர்ஸிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்:

“சிஸ்டர், எனக்கு உள்ள வச்சீங்களே, அது பதம் பண்ண தோலா, பச்சைத் தோலா?”

நர்ஸ் சிரித்தார். கேட்டவர் சிரிக்கவில்லை. இதற்கு மேல் எல்லாம் நான் கட்டியது. எபனேசர் என்ற பெயரும் நான் வைத்ததே.

2

‘சுண்ணாம்புத் தொட்டிகளின் மேல் விடியற்காலைப் பனி மெல்ல’ —

வேண்டாம். அங்கே யாரும் பனியைப் பார்ப்பதில்லை, மூக்கைப் பொத்திக்கொள்வதோடு சரி.

‘எபனேசரின் தொடைச்சந்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வீக்கம்.’ இது இருக்கட்டும்.

தோல் பதனிடும் ஷாப்பில் ஊறிய மாட்டுத்தோலைத் தொட்டியிலிருந்து தூக்க முனைக்கு ஓர் ஆள் வேண்டும். ஒரு முனையில் எபனேசர், மறுமுனையில் வாஹித் பாஷா. ஒருநாள் எபனேசர் தன் முனையை அப்படியே போட்டுவிட்டு, தொடைச்சந்தைப் பிடித்துக்கொண்டு குந்தினார்.

“இன்னா எபா, சுண்ணாம்புல ஊறுனது தோலா, நீயா? இப்டி வெளுத்துப் போய்ட்டியே!” என்றார் பாஷா.

குடலிறக்கம். ஆஸ்பத்திரியில் புதிதாக ஒன்றை வைத்துத் தைத்தார்கள். மாட்டுத்தோலைச் சுத்தம் செய்து எடுத்த மெல்லிய சவ்வு. கிழிந்த இடத்தை அது தாங்கும், கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும், அதற்குள் உங்கள் சதையே அங்கே வளர்ந்துவிடும் என்று டாக்டர் சொன்னார். எபனேசர் காதில் விழுந்தது ‘கரையும்’ மட்டும்.

ஷாப்பில் மேஸ்திரி வேறு ஆள் போடப் பார்த்தார். பாஷா விடவில்லை.

“அவன் வர்றவரைக்கும் நானே இழுத்துக்கறேன். ஆளைப் போட்டீங்கன்னா அப்புறம் அவனை எங்க வைப்பீங்க?”

கொக்கி மாட்டித் தனியாக இழுத்தார். அந்த முனையும் இந்த முனையும் அவரே.

3

[இந்த இடத்தில் எபனேசர் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. இனி எழுதப்போவதை ஒரு மனுஷன் செய்வானா? கூலி வேலையில் வளர்ந்தவன் நான். கை பழகியதைத்தான் புத்தி முதலில் எடுக்கும். செய்வான்.]

பதம் போடாத தோல் அழுகும். இது எபனேசருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை, மூக்குக்கே தெரியும். வயிற்றுக்குள் இருப்பது அழுகிப்போனால் மறுபடி ஓட்டை, மறுபடி வீக்கம், பாஷா இழுத்ததெல்லாம் வீண். ஆகவே ஆவாரம்பட்டை* வாங்கிவந்து, இடித்துக் கொதிக்கவைத்துக் காலையிலும் மாலையிலும் குடித்தார்.

“வயித்துக்குள்ள இன்னா தோல் ஷாப்பா தொறந்திருக்கீங்க?” என்றாள் மனைவி இவாஞ்சலின்.

“உனக்கு இன்னா தெரியும்? பட்டைத் தண்ணி பட்ட தோல் செருப்பாகி எத்தனை வருஷம் உழைக்குது!”

“அப்ப ஒரு ஜோடி லாடமும் அடிச்சுக்கோங்க.”

* தோலைப் பதம் செய்யும் பட்டை. குரோம் உப்பு வருவதற்கு முன் எங்கள் பக்கத்துத் தொட்டிகளில் இதுதான் ஊறும். குடித்தால் வயிற்றை இறுக்கிப் பூட்டிவிடும்.

பூட்டியது. எபனேசர் கக்கூஸில் உட்கார்ந்து முக்கினார். மறுநாளும் முக்கினார். தையல் போட்ட இடத்தில் சுருக்கென்றது.

4

அதன் பிறகுதான் அந்த பெஞ்சும் அந்தக் கேள்வியும். நர்ஸ் ஜெனிஃபா சிரித்து முடித்தபோது எபனேசர் கஷாயத்தையும் சொன்னார். ஜெனிஃபாவின் முகம் மாறியது.

“முக்குனீங்களாண்ணா?”

எபனேசர் ‘ரெண்டு நாள்’ என்று விரலைக் காட்டினார்.

“அது கரையத்தாண்ணா வச்சிருக்கு. சுவரு நின்னா சாரத்தைப் பிரிக்கிறதில்ல? அந்த மாதிரி. நீங்க சாரத்தைக் காப்பாத்தறேன்னு ஈரச் சுவரைப் போட்டு இடிச்சிருக்கீங்க.”

“அப்ப பிரிஞ்சுபோச்சா சிஸ்டர்?”

“டாக்டர் பார்க்கட்டும்.”

“ஷாப்புல எனக்காக ஒருத்தரு தனியா இழுத்துக்கினு இருக்காரும்மா.”

உள்ளே டாக்டர் தொடைச்சந்தில் விரலை வைத்தார். “இருமுங்க,” என்றார்.

5

எபனேசர் இருமினார். விரலுக்கு அடியில் —

[எதுவும் புடைக்கவில்லை. பொங்கலுக்குப் பிறகு அவர் தொட்டிக்குத் திரும்பினார். இப்படி எழுதிப் பார்த்தேன். என் களைப்புக்கு நானே போட்டுக்கொண்ட கஷாயம் மாதிரி இருந்தது.]

[புடைத்தது. இனி கனம் தூக்கக் கூடாது என்றார்கள். இதையும் எழுதினேன். பாஷாவிடம் அதைப் போய்ச் சொல்கிற வாக்கியம் பாதியில் நின்றுவிட்டது.]

உண்மையில், அந்த ஆம்பூர்க்காரர் உள்ளே போன கதவு திறப்பதற்குள் என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். அந்த மனிதர் எந்த முகத்தோடு வெளியே வந்தார் என்று நான் பார்க்கவில்லை. விரலுக்கு அடியில் என்ன இருந்தது என்பதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். எதை வைத்தாலும் ஒன்று மாறாது. அந்த மழைக்காலம் முழுக்க வாஹித் பாஷா எபனேசருடைய முனையையும் சேர்த்து இழுத்தார். எபனேசர் அவருக்கு ஒரு மழைக்காலத்துச் சுமை பாக்கி. இன்னும் தீர்க்கவில்லை.