எட்டாம் கட்டிலின் மாத்திரை

என் வீட்டுக்காரர் திருமலை பழவேற்காடு ஏரியில் படகை நிறுத்தி என்னைக் கூப்பிட்டது ஒரு வெள்ளிக்கிழமை மதியம். அவர் செத்துப் பல வருஷம் ஆகிறது. அது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

கும்மிடிப்பூண்டிப் பக்கம் இருக்கும் இந்த முதியோர் இல்லத்தில் ஜன்னலோரத்து ஏழாம் கட்டில் என்னுடையது. பக்கத்தில் எட்டாம் கட்டில் பீவி ஜானுடையது. வெள்ளிக்கிழமை மட்டும் மாறிக்கொள்வோம். ஜன்னலோரம் இருந்தால்தான் அவளுக்குப் பள்ளிவாசல் பாங்கு சத்தம் நன்றாகக் கேட்கும். புதிதாக வந்த நர்ஸ் பிரின்சிக்கு இது எப்படித் தெரியும்? இங்கே எல்லோருக்கும் நம்பர்தானே! ஏழாம் நம்பர் குளிச்சாச்சா, எட்டாம் நம்பர் சாப்பிட்டாச்சா. நாங்கள் என்ன ரேஷன் கடை டோக்கனா? எட்டில் உட்கார்ந்திருந்த என் கையில் எட்டாம் நம்பர் மாத்திரையைக் கொடுத்தாள். அது பீவி ஜானின் சர்க்கரை மாத்திரை. எனக்குச் சர்க்கரை வியாதியே கிடையாது. பார்க்காமல் விழுங்கிவிட்டு, சாப்பாட்டையும் தள்ளிவிட்டேன். சாம்பாரா அது, கழனித் தண்ணி!

கொஞ்ச நேரத்தில் வேர்த்துக் கொட்டியது. கட்டில் மெல்ல ஆடியது. சுவர் விலகி ஏரி வந்தது. ஜன்னலுக்கு வெளியே தெரியும் கம்பெனிப் புகை பனியாகிவிட்டது, அதற்குள் பூநாரைகள் ஒற்றைக் காலில் நின்றன. முழங்கால்வரை வெதுவெதுப்பான தண்ணீர். ஐயோ, அந்தச் சுகத்தை எப்படிச் சொல்வேன்! அவர் கை நீட்டினார்.

"கங்கம்மா, ஏறு."

என் பெயர்! அதைக் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று. அந்தக் குரலுக்காகவே ஒரு காலைத் தூக்கிப் படகில் வைத்தேன்.

தண்ணீருக்கு அப்பால் யாரோ பேசினார்கள். "அக்காவுக்கு இன்னா ஆச்சு பாரு! எனக்குக் குடுத்த இது என் மாத்திரை இல்லியே, மாத்திக் குடுத்துட்டியா பொண்ணே?" என்று பீவி ஜான் கத்தினாள். மேனேஜர் துளசிராமன் போனில் டாக்டரிடம், "வயசானவங்க சார், வலிப்பு மாதிரி தெரியுது" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பிரின்சி, வாயத் தொறந்த, வேலை காலி" என்றார்.

எனக்கு எல்லாம் கேட்டது. நாக்குதான் எழவில்லை. அடுத்த காலும் தரையை விட்டுக் கிளம்பிவிட்டது.

"போனக் குடுங்க சார்!" பிரின்சி அழுதுகொண்டே பிடுங்கினாள். "டாக்டர், வலிப்பு இல்ல. நாந்தான் தப்பா சர்க்கரை மாத்திரை குடுத்துட்டேன்."

அதற்குப் பிறகு டாக்டர் வந்தார் போல, கையில் குளுக்கோஸ் ஊசி குத்தியது. ஏரி வற்றி, மின்விசிறி சுற்றியது. பிரின்சியின் கண்ணீர் என் நெற்றியில் விழுந்துகொண்டிருந்தது.

துளசிராமன் அவளைப் பையைக் கட்டச் சொன்னார். எனக்கு வந்ததே கோபம்! "அவ போனா நானும் போவேன், போற வழியில உன் கதைய ஊரெல்லாம் சொல்லிக்கினே போவேன்" என்றேன். டாக்டரும் விடவில்லை. "உண்மையச் சொன்ன பொண்ண அனுப்பிட்டா, அடுத்த தடவை யாருய்யா சொல்லுவா?" என்றார். துளசிராமன் தலையைக் குனிந்துகொண்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமையும் நான் எட்டாம் கட்டிலில்தான் இருந்தேன். பிரின்சி மாத்திரையோடு வந்து நின்றாள்.

"ஆயா, உங்க பேரு இன்னா?"

"தெரிஞ்சிக்கினே கேக்குறியே, கொழுப்பா?"

"டெய்லி கேப்பேன். சொன்னாத்தான் மாத்திரை."

ஏரியில் அவர் இன்னும் படகோடு நின்றுகொண்டிருப்பார். நிற்கட்டும்.

"கங்கம்மாள்" என்றேன். பீவி ஜானுக்கும் கேட்கட்டும் என்று இன்னொரு தரம் சத்தமாகச் சொன்னேன்.