எறும்பு தூக்கிய ஜல்லி

பொம்மை ரயில் பிரியர்களுக்காக ராபர்ட் நடத்தும் மாத இதழின் அட்டைப்படம் அன்று மாலைக்குள் கடலூர் அச்சகத்துக்குப் போயாக வேண்டும். தவறினால் அச்சகக்காரர் கல்யாணப் பத்திரிகைகளில் இறங்கிவிடுவார். இந்த மாத இதழ் அம்போதான்.

அகலப்பாதை போடுவதற்காகச் சிதம்பரத்தில் பழைய தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டிருந்த சமயம் அது. ஊரில் அப்போது ரயில் நின்ற ஒரே ஸ்டேஷன், ராபர்ட்டின் தங்கை புருஷன் ஜேக்கப் அட்டையில் செய்து சாப்பாட்டு மேசையில் வைத்திருந்ததுதான்.

கேமராவோடு பஸ் பிடித்து வந்த ராபர்ட் மேசையைப் பார்த்துத் திகைத்தான். தண்டவாளத்து ஜல்லி தானாக நகர்ந்துகொண்டிருந்தது.

“மாப்ள, எதுல செஞ்ச இந்த ஜல்லிய?”

“ரவை மச்சான். நெய்யில வறுத்தா நல்லா செவக்குது.”

“நெய்யிலயா! அட்டைப்படத்துக்கு ஸ்டேஷன் கேட்டா எறும்புக்குக் கேசரி கிண்டி வச்சிருக்கியே!”

“அதான் ரவை டப்பா காலியா? அண்ணே, உப்புமா எங்கன்னு காலையில இவரு என்னைத்தான் சத்தம் போட்டாரு,” என்றாள் தங்கை ரீட்டா.

“தட்டிவிட்டுட்டுப் புதுசா வறுத்துப் போட்டுடறேன் மச்சான்.”

“அதுக்குள்ள கடலூர் பஸ்ஸு போயிடும்டா!”

பதறியபடியே ராபர்ட் கேமராவில் கண்ணை வைத்தான். என்ஜினுக்கு முன்னால் எறும்புகள் வரிசை கட்டி, ஆளுக்கொரு ஜல்லியாகத் தூக்கிப் போய்க்கொண்டிருந்தன. நிஜ ஸ்டேஷனில் கான்ட்ராக்டர் ஆட்களுக்கும் அன்று அதே வேலைதான்.

“கையை எடு மாப்ள! ஒண்ணக்கூடத் தொடாத!” என்று கத்திக்கொண்டே படமெடுத்துத் தள்ளினான்.

செல்போனில் அச்சகக்காரர் உறுமினார். “அட்டை வருதா இல்லியா சார்?”

“வருது சார்! தலைப்பை மட்டும் இப்பவே கோத்து வைங்க: சிதம்பரத்தில் பாதை பெயர்ப்பு மும்முரம்!”