இடது காதில் ஒரு டப்

1

கண் ஏமாறும், நாக்கு விலைபோகும், மனம் கட்சி மாறும். மனிதனிடம் கடைசிவரை நேர்மையாக இருக்கும் ஒரே உறுப்பு செவி.

இப்படிக் கம்பீரமாகத் தொடங்கினேன். கதை கிடைத்த இடத்தை நினைத்ததும் கூச்சமாகிவிட்டது. என் கம்ப்யூட்டரைப் பழுதுபார்க்கக் கொடுத்திருந்த கடையில், ஸ்க்ரூடிரைவரைப் பல்லில் கவ்வியபடி கடைக்காரர் சொன்ன கதை இது. தன் அக்காள் கணவரைப் பற்றிச் சொன்னார். மைத்துனர் சொல்லும் கதையில் மாமனின் உயரம் எப்போதும் அரையடி குறையும். அதையும் கணக்கில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

2

கதாநாயகருக்குப் பாம்புச்செவி என்று பெயர். ஒலிப்பதிவுக் கூடத்தில் வைத்த பட்டம். அவரும் காதில் விழாதவர்போல ரசித்து வந்தார். புத்தகங்களைச் சத்தமாக வாசித்துப் பதிவு செய்கிறார்கள் அல்லவா, அந்தப் பதிவுகள் இவர் வீட்டுக்கு வரும். வாசித்தவர் எச்சில் விழுங்கியது, நாற்காலி முனகியது, வயிறு உறுமியது எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டு வெட்டுவார். அவர் வேலை செய்யும்போது வீட்டில் மிக்ஸி ஓடாது, ஃபேன் சுற்றாது. மனைவி கொலுசைக் கழற்றிப் பல வருஷம் ஆகிறது.

(இங்கே “அவருக்கு அது வேலையல்ல, தவம்” என்று ஒரு வாக்கியம் இருந்தது. தவம் செய்தவர் அவர் மனைவி என்று தோன்றியதால் எடுத்துவிட்டேன்.)

ஹெட்போன் விஷயத்தில் அவர் மடி ஆசாரம் பார்ப்பவர். காதை மூடும் இரண்டு கிண்ணங்களில் இடது கிண்ணத்திலிருந்து மட்டும் ஒயர் இறங்கும். அது எப்போதும் இடது தோளில் விழும்படிதான் மாட்டுவார். கம்ப்யூட்டர் உயிர்பெறும்போது ஹெட்போன் காதில் இருக்கவே கூடாது. கழற்றி மேஜையில் வைத்து, திரை முழுதாக விழித்த பிறகே மாட்டுவார். தொடக்கத்தில் வரும் திடீர்ச் சத்தம் செவிப்பறையைப் பதம்பார்த்துவிடும் என்று வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் எடுப்பார். பாடம் சரிதான். அதனால்தான் விபரீதம் விளைந்தது.

3

ஒருநாள் இடது காதில் ‘டப்’ என்று ஒரு சத்தம். கொஞ்சநேரம் கழித்து மறுபடியும்.

முதலில் வாசித்தவரைச் சந்தேகித்தார். பதிவை நிறுத்திய பிறகும் கேட்டது. பிறகு மனைவியைச் சந்தேகித்தார். அவர் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். அப்புறம், இயல்பாகவே, சவுண்ட் கார்டைப் போட்டுக்கொடுத்த மைத்துனரைச் சந்தேகித்தார். புது டப்பாவுக்குள் பழைய கார்டை வைத்துக் கொடுத்திருப்பாரோ என்று.

(எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. என் கம்ப்யூட்டர் அந்த நேரத்தில் அவர் கையில் இருந்ததால் கேட்கவில்லை.)

போனில் மைத்துனர் பொறுமையாக விளக்கியிருக்கிறார். வேலை இல்லாதபோது கார்டு மின்சாரத்தை மிச்சம்பிடிக்கத் தூங்கிவிடும்; எழும்போது ஒரு சத்தம் போடும். கார்டில் ஹெட்போன் செருகும் முனை சரியாக உட்காராவிட்டால் ஒரு பக்கம் மட்டும் அடிக்கும்.

“கார்டு இல்லேன்னா?” என்றார் பாம்புச்செவி.

“கார்டு இல்லேன்னா காதுதான் அத்தான்.”

காது போனால் பாம்புச்செவியிடம் மிஞ்சுவது பாம்பு மட்டும்தான் என்று மைத்துனர் எனக்கு விளக்கினார். அப்போதும் ஸ்க்ரூடிரைவர் வாயில்தான் இருந்தது.

போனில் அத்தானுக்கு அவர் ஒரு சோதனை சொல்லிக்கொடுத்தாராம்: “ஹெட்போனைத் திருப்பி மாட்டுங்க. இடது கிண்ணம் வலது காதுக்கு. சத்தமும் வலது பக்கம் போச்சுன்னா மெஷின் கோளாறு. இடதுலயே இருந்துச்சுன்னா டாக்டரைப் பாருங்க. மாட்டிட்டு ஒருதடவை ரீஸ்டார்ட் பண்ணிக்குங்க.”

4

பாம்புச்செவி ஹெட்போனைத் திருப்பி மாட்டினார். ஒயர் வலது தோளில் பாம்புபோல் –

வேண்டாம், ஏற்கெனவே ஒரு பாம்பு இருக்கிறது.

திருப்பி மாட்டினார். ரீஸ்டார்ட் கொடுத்தார். கம்ப்யூட்டர் அணைந்து எழுந்தது. மூச்சை அடக்கிக் காத்திருந்தார்.

டப். இடது காதில்.

டாக்டரிடம் அவர் போகவில்லை. காது டாக்டர் வாசலில் பாம்புச்செவி உட்கார்ந்திருப்பதை யாராவது பார்த்துவிட்டால்? கூடத்துக்குப் போன் செய்து, இளைய தலைமுறைக்கு வழிவிடுவதாகச் சொன்னார். அவர்கள் பாராட்டு விழாவுக்கு ஏற்பாடு செய்தார்கள். அவர் வேலையைக் கற்றுக்கொள்ள வந்த பெண், மரியாதைக்காக, பட்டத்தை மட்டும் அவரிடமே விட்டுவைத்தாள்.

5

முடிவுகள் மூன்று எழுதிப் பார்த்தேன். ஒன்றில் மைத்துனர் கார்டை மாற்றிவைத்து மன்னிப்புக் கேட்கிறார். அவரைத் தெரிந்தவர்கள் நம்ப மாட்டார்கள். இன்னொன்றில் பாம்புச்செவி அமைதியின் இசையை உணர்ந்து புன்னகைக்கிறார். அதை எழுதும்போது எனக்கே கொட்டாவி வந்தது. மூன்றாவதில் மனைவி அறைக்குள் போய் ஒரே ஒரு வாக்கியம் சொல்கிறார், அவருக்கு வேலை திரும்பக் கிடைக்கிறது.

மூன்றாவது நடந்திருக்க வேண்டியது. ஏனென்றால் சோதனையின்போது மனைவி கதவருகில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். தம்பியிடம் சொல்லியிருக்கிறார், கணவரிடம் சொல்லவில்லை. தம்பியும் சொல்லவில்லை.

“ஏன்?” என்று கேட்டேன்.

“அக்கா வீட்ல இப்ப மிக்ஸி ஓடுது சார்” என்றார். “கொலுசும் போட்டிருக்கு.”

இதில் யாரைச் சந்தேகிப்பது என்பதை உங்களிடமே விடுகிறேன். பாராட்டு விழா வரும் ஞாயிற்றுக்கிழமை. அதற்குள் போய்ச் சொல்ல நினைத்தால் சொல்லுங்கள். எனக்கு அழைப்பு வந்திருக்கிறது, வாழ்த்துரையும் தயார். செவியின் நேர்மை பற்றிய முதல் வரியை அதில் சேர்த்துக்கொண்டேன்.

போய்ச் சொல்கிறவர்கள் சொல்ல வேண்டிய விஷயம் சிறியதுதான். கம்ப்யூட்டர் எழும்போது அவர் பாதுகாப்புக்காக ஹெட்போனைக் கழற்றினார். மறுபடி மாட்டியபோது ஒயர் வழக்கம்போல இடது தோளில் இருந்தது.